டின்டின் கார்ட்டூனில் 'தி கால்குலஸ் அஃபேர்': சத்தம் பிரமாதம், சிரிப்பு கொஞ்சம் குறைவு

இளம் நிருபர் டின்டினைப் படைத்த பெல்ஜிய ஓவியர் எர்ஜேவின் உளவுக் கதைகளில் எனக்கு முதலிடம் இதற்குத்தான். 1956இல் வந்த 62 பக்கப் புத்தகம். எலிப்ஸ், நெல்வானா நிறுவனங்கள் 1991-92இல் எடுத்த கார்ட்டூன் தொடரில் இதை இரண்டு பாகமாக்கியிருக்கிறார்கள்.

கதையே பேராசிரியர் கால்குலஸின் ஒலி ஆயுதத்தைப் பற்றியது. டின்டினின் நண்பர் கேப்டன் ஹாடாக்கின் மாளிகையில் காரணமே தெரியாமல் கண்ணாடிகள் நொறுங்குவதைப் புத்தகத்தில் பார்க்கத்தான் முடியும். இங்கே காதிலும் விழுகிறது. அந்த ஒன்றுக்காகவே பார்க்கலாம். எர்ஜேவின் சுத்தமான கோடுகளையும் கெடுக்கவில்லை.

ஆனால் அவசரம். கடத்தப்பட்ட கால்குலஸைத் தேடி டின்டினும் கேப்டனும் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா, நியோன், அப்புறம் போர்டூரியா என்ற கற்பனை நாடு என்று ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். கேப்டன் உதறிய பிளாஸ்டர் ஆளாளுக்கு ஒட்டிக்கொண்டு கடைசியில் அவரிடமே வந்து சேரும் கூத்தை ரசிக்க நிதானம் வேண்டும். அதற்குப் புத்தகம்தான் சரி. அந்நாட்டுச் சர்வாதிகாரியின் மீசை போர்டூரியாவில் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதும் அப்படித்தான். (எழுத்துகளின் தலையில்கூட மீசை! எர்ஜேவுக்கு என்ன குசும்பு!)

ஆப்பரா பாடகி காஸ்டஃபியோரேயின் ஒப்பனை அறை அலமாரிக்குள் டின்டினும் கேப்டனும் பதுங்கியிருக்க, வெளியே போர்டூரியாவின் போலீஸ் தலைவர் கர்னல் ஸ்பான்ஸ் ரகசியங்களை உளறும் இடம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தாராளமாகப் போட்டுக் காட்டலாம். புத்தகம் கையில் இருந்தால் முதலில் அதைக் கொடுங்கள்.