ஒரு நாளில் மூன்று சோழர் கோயில்கள்: குழுப் பேருந்துச் சுற்றுலா பற்றிய மதிப்பீடு

காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர், யாழ்ப்பாணத்துப் பயண முகவர்கள் சோழநாட்டுக் கோயில்களுக்குக் குழுப் பயணங்களை ஒழுங்கு செய்து வருகின்றனர். அத்தகைய பயணமொன்றில், கும்பகோணத்தில் தங்கியிருந்து கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், தஞ்சாவூர் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பேருந்தில் சுற்றிக் காட்டும் பகுதியை மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன். தஞ்சைப் பெரிய கோயில் 1987ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மற்றைய இரண்டும் 2004இல் அதனுடன் சேர்க்கப்பட்டன. தூரத்தைப் பார்த்தால் ஒரு நாளில் அடங்கக்கூடிய பயணம்தான்.

பேருந்தில் குறையில்லை. குளிரூட்டி ஒழுங்காக வேலை செய்தது, சாரதி நிதானமானவர், முதியவர்கள் இறங்கி ஏறும்வரை முகம் கோணாமல் காத்திருந்தார். மதியச் சாப்பாடு வாழையிலையில் வந்தது, சுவையாகவும் இருந்தது. சொதி தேடியவர்கள் ரசத்தோடு சமாதானமானார்கள்.

குறை நேர அட்டவணையில் இருக்கிறது. காலை வெயில் ஏறுமுன் கோயிலுக்குப் போக வேண்டிய பேருந்து, முதலில் திருபுவனத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடை வாசலில் நின்றது. வாங்க வேண்டுமென்ற கட்டாயம் எவருக்கும் இல்லை என்றார்கள். அது உண்மைதான், ஆனால் வாங்காதவர்களுக்காகப் பேருந்து புறப்படவும் இல்லை. அதே ஊரில் மூன்றாம் குலோத்துங்கன் எடுப்பித்த கம்பகரேசுவரர் கோயில் இருக்கிறது என்பதைக்கூட எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறப்பார்கள். ஆகவே நாங்கள் கங்கைகொண்ட சோழபுரத்தை அடைந்தபோது கருவறை சாத்தப்பட்டிருந்தது. சுமார் 13 அடி உயரமுள்ள அந்தப் பெரிய இலிங்கத்தைத் தரிசிப்பதற்கென்றே கடல் கடந்து வந்த அம்மாமார், சூடேறிய கற்றளத்தில் வெறுங்காலுடன் நின்று மூடிய கதவைக் கும்பிட்டுத் திரும்பினார்கள். வடபுறப் படிக்கட்டின் அருகே, சிவபெருமான் சண்டேசுவரரின் தலையில் மாலை சூட்டும் சிற்பத்தை நின்று பார்க்கக் கால் விடவில்லை.

தாராசுரம் இந்தக் குறையை ஓரளவு ஈடு செய்தது. இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலின் வெளிச்சுவரில், அடித்தளத்தை ஒட்டி, நாயன்மார் அறுபத்து மூவரின் வரலாறுகளும் சிறு சிறு சிற்பங்களாகப் பெயர்க் குறிப்புகளுடன் செதுக்கப்பட்டிருப்பதால், நடை சாத்தியிருந்தாலும் அவற்றைச் சுற்றி வந்து பார்க்க முடிந்தது. பள்ளிக்கூடத்தில் சைவசமய பாடம் படித்து, நாவலர் எழுதிய பெரியபுராண வசனத்தை வீட்டில் வைத்திருக்கும் எங்கள் கூட்டத்துக்கு அங்கே வழிகாட்டியே தேவைப்படவில்லை. கண்ணப்பரைக் கண்டு ஒருவர் கூப்பிட, சிறுத்தொண்டரைத் தேடி இன்னொருவர் ஓடினார். வழிகாட்டியும் அதைப் புரிந்துகொண்டு, தம் பாடத்தை நிறுத்திவிட்டு, எங்கள் கேள்விகளுக்கு மட்டும் விடை சொன்னார். நல்ல வழிகாட்டிக்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டியதில்லை. ஆனால் கடையில் கொடுத்த நேரத்தின் பாதியைக்கூட இங்கே கொடுக்கவில்லை.

தஞ்சாவூரை மாலையில் வைத்தது சரியான தீர்மானம். நடை திறந்திருந்தது, தளமும் ஆறியிருந்தது, 1010ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற அந்த விமானம் சாய்ந்த வெயிலில் பொன்னிறமாக நின்றது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தபோதே அது எங்கள் காலடியில் நீளமாக விழுந்து கிடந்ததையும் குறிப்பிட வேண்டும். ஈழத்தின் வடபகுதியை வென்று அதற்கு மும்முடிச் சோழ மண்டலம் என்று பெயரிட்ட முதலாம் இராசராசன், அங்குள்ள ஊர்களையும் இந்தக் கோயிலுக்கு நிவந்தமாக விட்டதைக் கல்வெட்டுக் கூறுகிறது. யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான செய்தி வேறில்லை. வழிகாட்டி அதைத் தொடவே இல்லை.

ஊர் திரும்பியபின் முகவரிடம் முறையிட்டபோது, வழியைத் தீர்மானிப்பது அங்குள்ள பேருந்துக்காரர்கள் என்று பதில் வந்தது. பணம் வாங்குபவர் முகவர் என்பதால் இதை ஏற்க முடியவில்லை. விடியற்காலையிலேயே கங்கைகொண்ட சோழபுரம், நடை சாத்துமுன் தாராசுரம், சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் பின் தஞ்சாவூர் என்று வரிசையை மாற்றினால் இதே பேருந்தும் இதே சாரதியும் போதும். முற்பணம் கட்டுமுன் இந்த வரிசையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேலை வாங்க விரும்புபவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பட்டுக் கடைகள் நண்பகலில் நடை சாத்துவதில்லை.