படகு ட்ரெய்லர் இழுக்க எந்த டோ பார்? ரிசீவரும் பிளாஞ்சும்

திருகோணமலையில் குடும்ப வாகனத்துக்குப் பின்னால் ட்ரெய்லர் என்றால் அநேகமாகப் படகுதான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணலில் இறக்கி ஏற்றும் சின்ன ஃபைபர் படகு, முன்னால் ஒரு டபுள் கேப். டோ பார், அதாவது ட்ரெய்லரை மாட்டி இழுக்கும் பின்பக்கச் சட்டம், பூட்டும்போது ட்ரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டைப் பம்பரிலேயே வெல்ட் பண்ணித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இழுவை வாகனத்தின் அடிச்சட்டமான செஸியில் விழ வேண்டும். பம்பர் அதற்குச் செய்ததல்ல.

மிச்சம் இரண்டு வகை. ஒன்று ரிசீவர்: செஸியில் பூட்டிய 2 அங்குலச் சதுரக் குழாய்க்குள் குண்டு பொருத்திய தண்டைச் செருகி, குறுக்கே 16 மில்லிமீற்றர் பின் போடுவது. மற்றது பிளாஞ்ச்: செஸியில் பூட்டிய சட்டத்தின் முகத்தில் இரண்டு எம்16 போல்ட்டால் குண்டை இறுக்குவது. எங்கள் வாகனத்தில் இருப்பது பிளாஞ்ச். கடற்கரை ஊருக்கு அதையே சொல்வேன்.

ரிசீவருக்கு நல்ல பக்கம் உண்டு. தண்டைக் கழற்றி வைத்தால் பின்னால் எதுவும் நீட்டிக்கொண்டு நிற்காது, முழங்கால் இடிபடாது. உயரம் வேறான இரண்டு ட்ரெய்லர் இருந்தால் தண்டை மாற்றினால் போதும்.

ஆனால் இங்கே எதிரி உப்பு. படகை இறக்கப் பின்னால் எடுக்கும்போது அலை குழாய்க்குள் மணலோடு புகுந்துவிடும். தண்டுக்கும் குழாய்க்கும் இடையே கொஞ்சம் இடைவெளி இருப்பதால் ஓட்டத்தில் இரண்டும் தட்டுப்பட்டுப் பெயின்ட் உரியும். உரிந்த இடத்தில் ஈர மணல் தங்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அது ஊதி, தண்டு குழாயோடு இறுகிவிடும். பிறகு சுத்தியலும் காஸ் வெல்டரும்தான். சூடு காட்டினால் கல்வனைஸ் பூச்சு போய், அடுத்த துரு இன்னும் வேகமாக வரும். அலுமினியத் தண்டு தீர்வாகாது. உப்புத் தண்ணீரில் இரும்போடு ஒட்டி நின்றால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அதுவும் இறுகும். ரிசீவர்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் தண்டைக் கழற்றி, குழாயின் உட்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, கிரீஸ் பூசியே ஆக வேண்டும். வாடைக்காற்று மாதங்களில் அதைத் தவறாமல் செய்பவர்கள் குறைவு.

பிளாஞ்சில் மறைவிடம் குறைவு. ஹோஸால் அடித்தால் எல்லா முகத்திலும் தண்ணீர் படும், துரு கண்ணுக்குத் தெரியும். குண்டு தேய்ந்தால் இரண்டு 24 மில்லிமீற்றர் சாவியோடு அதை மட்டும் மாற்றலாம். 50 மில்லிமீற்றர் குண்டு எந்த இடத்திலாவது 49க்கு இறங்கினால் மாற்றுங்கள். போல்ட் 8.8 தரம், இறுக்கம் சுமார் 200 நியூட்டன் மீற்றர். லொக் நட்டைக் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். உயரம் ஒத்துவராவிட்டால் 90 மில்லிமீற்றர் இடைவெளியில் துளையிட்ட இறக்கத் தகடு போடலாம்.

இன்னொரு சிக்கல் குண்டின் அளவு. ரிசீவர் செட்டுகளோடு வருவது பெரும்பாலும் 2 அங்குலக் குண்டு, அதாவது 50.8 மில்லிமீற்றர். 50க்குச் செய்த கப்ளர், அதாவது குண்டைக் கவ்வும் ட்ரெய்லரின் முனை, அதில் முழுதாக இறங்காமல், பூட்டியதுபோலத் தெரியும். கந்தளாய் வீதியில் ஒரு பள்ளம் போதும், கழன்றுவிடும். கப்ளரில் பொறித்த எண்ணை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் பிரேக் இல்லாத, மொத்தம் 750 கிலோவுக்குள் அடங்கும் ட்ரெய்லரை வைத்துச் சொல்வது. பெரியவற்றுக்கு அப்படியே எடுக்க வேண்டாம். எந்த வகையானாலும் குண்டில் விழும் பாரம் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் இருக்கட்டும்: 500 கிலோவுக்கு 25 முதல் 50. எடை பார்க்கும் மெஷினில் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கப்ளரை அதன் மேல் வைத்தால் தெரியும். குறைந்தால் வேகத்தில் பின்பக்கம் ஆடும். படகை முன்னுக்குத் தள்ளுங்கள்.

தண்ணீரில் இறக்கமுன் லைட் பிளக்கைக் கழற்றுங்கள். பிரேக் மிதிக்க சிக்னலும் சேர்ந்து எரிந்தால் முதலில் 7 பின் சொக்கற்றின் 3ஆம் பின்னில் வரும் வெள்ளை வயரைப் பாருங்கள். அது எர்த், உப்புப் பிடித்து அரித்திருக்கும்.