கென்னல் காஃப் மூக்கு மருந்து: எங்கள் நாய் மணிக்கு மூன்று வருடம் போட்டுப் பார்த்ததில்

நாய்க்கு நாய் தொற்றுகிற இருமல்தான் கென்னல் காஃப், அதற்கு மூக்கில் விடுகிற தடுப்பு மருந்தை எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை போட வேண்டும் என்பதுதான் கேள்வி. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், இதைத் தேடி வருகிற பாதிப் பேருக்கு அதுதான் வேண்டும்: வருடத்துக்கு ஒரு தடவை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போட்டே ஆகணும் என்று யாராவது சொன்னால், சொல்வது டாக்டரா, நாம் ஊருக்குப் போகும்போது நாயைக் காசு வாங்கிப் பார்த்துக்கொள்கிற போர்டிங்காரரா என்று பாருங்கள். எனக்குச் சொன்னவர் போர்டிங்காரர்.

மணி செவலை நிறத்தில் ஒரு நாட்டு நாய், நாலு வயது. (பத்து நாள் யோசித்து வைத்த பெயர் அது, சிரிக்காதீர்கள்.) நாங்கள் சென்னையில் இருக்கிறோம், சொந்த ஊர் கோவில்பட்டி. ரயிலில் நாயைக் கூட்டிப்போக வேண்டுமென்றால் முதல் வகுப்பு ஏசியில் கூபே முழுவதையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வேனில் கூண்டில் ஏற்ற வேண்டும், முதலாவதுக்குக் காசு இல்லை, இரண்டாவதுக்கு மனசு இல்லை. அதனால் ஒரு தீபாவளிக்கு ஈசிஆர் பக்கம் ஒரு போர்டிங்கில் ஐந்து நாள் விட்டுவிட்டுப் போனோம்.

கூட்டி வந்த நாலாம் நாள் ராத்திரி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம். இருமல் என்றே தோன்றவில்லை. வாத்து கத்துகிற மாதிரி வறட்டு வறட்டென்று மூன்று தடவை, கடைசியில் ஒரு ஓங்கரிப்பு, தரையில் கொஞ்சம் வெள்ளை நுரை. மீன் முள் சிக்கியிருக்கும் என்று அம்மா சோற்றை உருட்டிக் கொடுத்தார். மணி அதைச் சந்தோஷமாக விழுங்கிவிட்டு மறுபடி இருமினான், அப்புறம் அடுத்த உருண்டைக்கு வந்து நின்றான்.

காலையில் டாக்டர் வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழாயை இரண்டு விரலால் லேசாக அழுத்தினார், அதே வாத்துச் சத்தம் வந்தது. "போர்டிங்ல விட்டீங்களா?" என்று கேட்டார். நைன் இன் ஒன் கூட்டுத் தடுப்பூசி எல்லாம் தவறாமல் போட்டிருக்கோமே டாக்டர் என்றேன். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். கென்னல் காஃப் என்பது ஒரு கிருமி செய்கிற வேலை இல்லை, ஒரு கூட்டமே சேர்ந்து செய்வது. அதில் பாராஇன்ஃப்ளூயன்சா, அடினோ வைரஸ் இரண்டுக்கும் வழக்கமான செவன் இன் ஒன், நைன் இன் ஒன் ஊசிகளில் மருந்து உண்டு. ஆனால் முக்கியமான ஆளான போர்டெடெல்லா என்ற பாக்டீரியாவுக்கு அவற்றில் எதுவும் இல்லை. அதற்குத் தனியாகப் போட வேண்டும். இந்த விஷயத்தை அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இரண்டரை வாரம் இருமினான். கழுத்துப் பட்டை இழுத்தாலே இருமல் வந்ததால் ஹார்னஸ் வாங்கினோம். காய்ச்சல் இல்லை, சாப்பாடு குறையவில்லை, உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை, ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, மருந்துக்கு வருகிறேன். நாங்கள் போடுவது எம்எஸ்டி கம்பெனியின் நோபிவாக் கேசி. சின்னக் குப்பியில் பொடியாக இருக்கும், கூட வரும் தண்ணீரில் கலந்து, சிரிஞ்சில் எடுத்து, ஊசியைக் கழற்றிவிட்டு ஒரு மூக்குத் துவாரத்தில் விடுவார்கள். மொத்தமே 0.4 மில்லி. உதவியாளர் மணியின் தாடையை மேலே தூக்கிப் பிடித்தார், டாக்டர் விட்டார், ஒரு நொடி எல்லாரும் சும்மா இருந்தோம், அப்புறம் மணி டாக்டரின் கண்ணாடி மேல் தும்மினான். வீணாகிவிட்டதா என்று பதறினேன். "உள்ளே போனது போதும்" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் ஃபீஸோடு சேர்த்து ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. மறுநாள் மூக்கில் லேசாக ஒழுகல், இரண்டு நாள் தும்மல், அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்தது, முதல் தடவையே ஒரே டோஸ் போதும் என்பது. தோலுக்கு அடியில் போடும் ஊசி வகையும் உண்டு, பிரான்கிசின் என்று. அதை முதல் வருடம் இரண்டு முதல் நாலு வார இடைவெளியில் இரண்டு தடவை போட வேண்டும், அதற்கப்புறம்தான் வருடத்துக்கு ஒன்று. மூக்கைத் தொடவே விடாத நாய்க்கு அது சரி. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மூக்கில் விட வேண்டியது உயிருள்ள கிருமி, அதைத் தவறி ஊசியாகக் குத்திவிட்டால் சீழ் கட்டி பெரிய வம்பாகிவிடும். எந்த மருந்து என்று ஸ்டிக்கரைப் பார்த்துக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கேட்கத் தெரியாமல் ஏமாந்த கதையும் என்னிடம் இருக்கிறது. முதல் டோஸ் போட்ட ஆகஸ்டில் மணிக்கு உண்ணிக் காய்ச்சல், டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. அந்த கிளினிக்கில் (பெயர் வேண்டாம், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால் போனேன்) சீட்டைக் காட்டியும் பார்க்காமல் மூக்கில் விட்டு, அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்த தேதியும் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து வேறு டாக்டரிடம் போனபோது அவர் அட்டையையும் மாத்திரைச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதியைத் தொட்டுக் காட்டினார். உயிருள்ள பாக்டீரியாவைக் கொடுத்துவிட்டு அதைக் கொல்கிற ஆன்டிபயாடிக்கையும் கொடுத்தால் மருந்து எங்கே வேலை செய்யும்? மாத்திரை முடிந்த பிறகு மறுபடி போட வேண்டியதாயிற்று. போட்ட ஒரு வாரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஆரம்பிக்க நேர்ந்தாலும் இதே கதைதான், முடித்துவிட்டு மறுபடி போட வேண்டும். உண்ணிக் காய்ச்சல் சாதாரணமாகிவிட்ட நம் ஊரில் இதை எல்லா டாக்டரும் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும்.

இப்போது ஆறு மாதக் கதை. அடுத்த வருடம் செப்டம்பரில் போட்டோம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்த அட்டையைப் பார்த்துச் சேர்த்துக்கொண்ட அதே போர்டிங், மே மாதம் "இது எக்ஸ்பயர் ஆயிடுச்சு சார், ஆறு மாசம்தான்" என்றது. டாக்டரைக் கேட்டேன். கம்பெனியே ஒரு வருடப் பாதுகாப்பு என்றுதான் போட்டிருக்கிறது. உலகக் கால்நடை மருத்துவர்கள் பார்க்கிற டபிள்யூஎஸ்ஏவிஏ வழிகாட்டுதலும் வருடத்துக்கு ஒரு முறை என்கிறது, மிக அதிக ஆபத்தில் இருக்கிற நாய்க்கு மட்டும்தான் அதைவிட அடிக்கடி. தினமும் டே கேர் போகிற நாய், வாரா வாரம் ஷோவுக்குப் போகிற நாய் என்றால் யோசிக்கலாம், வருடத்தில் மூன்று தடவை வெளியே தங்குகிற மணிக்கு எதற்கு என்றார். நேர்மாறாக, வீட்டை விட்டு நகராத, வேறு நாயோடு மூக்கு உரசாத நாய்க்கு இது தேவையா என்றே டாக்டரிடம் கேட்கலாம், ரேபிஸ், பார்வோ மாதிரி எல்லா நாய்க்கும் கட்டாயமான பட்டியலில் இது இல்லை. டிஸ்டெம்பர், பார்வோ ஊசி மூன்று வருடம் தாங்கும்போது இது மட்டும் ஏன் வருடா வருடம் என்றும் கேட்டேன். மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் உருவாகும் எதிர்ப்பு அத்தனை நாள் நிற்காதாம்.

போர்டிங்காரரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். முப்பது நாய் வந்து போகிற இடத்தில் ஒன்று இருமினால் அவருக்கு அந்த வாரமே போச்சு. ஆறு மாதம் என்பது எங்கள் கடை விதி என்று சொல்லட்டும், மருந்து காலாவதி ஆகிவிட்டது என்று சொல்லக் கூடாது. தவிர, அங்கேயே ஒருவர் காலையில் மருந்து விட்டு மதியம் நாயைக் கொண்டுவந்து சேர்த்ததைப் பார்த்தேன், அதற்குப் போர்டிங்காரர் ஒன்றும் சொல்லவில்லை. போர்டெடெல்லாவுக்குப் பாதுகாப்பு வர மூன்று நாள், பாராஇன்ஃப்ளூயன்சாவுக்கு மூன்று வாரம் ஆகும். அட்டையில் தேதி புதுசு, நாய்க்குப் பாதுகாப்பு இல்லை. எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பதைவிட, போர்டிங்கில் கொண்டுவிடுவதற்கு எத்தனை நாள் முன்னால் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரிகிறது.

ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன், நாலுதான். மருந்து போட்டும் போன தீபாவளி முடிந்து மூன்று நாள் லேசாக இருமினான், கூட்டத்தில் எல்லாக் கிருமிக்கும் இதில் பதில் இல்லையே. ஆனால் இரண்டரை வாரம் எங்கே, மூன்று நாள் எங்கே. இன்னொரு குறை, மருந்தில் இருக்கும் கிருமியை நாய் ஆறு வாரம் வரைக்கும் மூக்கு வழியே வெளியே விடலாம். வீட்டில் கீமோ எடுப்பவர், எதிர்ப்பு சக்தி குறைந்தவர் இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், பூனை இருந்தாலும் சொல்லுங்கள்.

அந்த மே மாதம் மணியைத் தாம்பரத்தில் அக்கா வீட்டில் விட்டோம். அங்கே ஒரு பூனை உண்டு. டோஸ் போட்டு எட்டு மாதம் ஆகிவிட்டதால் பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை, மணிக்குத்தான் மூக்கில் இரண்டு கீறல். இந்த வருட டோஸுக்கு தீபாவளிக்கு நாலு வாரம் முன்னால் தேதி வாங்கிவிட்டேன்.