நார்மன் ராக்வெல்: விருந்து மேசையா, ரயில் நிலையமா?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ என்ற அமெரிக்க இதழின் வாசகர்களுக்காக ஓவியர் ராக்வெல் வரைந்த இரண்டு படங்களில், குடும்ப விருந்து மேசை, சிகாகோ ரயில் நிலையம் இரண்டில், எது நிஜமாகவே தெம்பு தருகிறது என்று கேட்டால், ரயில் நிலையத்தைத்தான் சொல்வேன். 1943 மார்ச்சில் வந்த வான்கோழி விருந்து அழகுதான்: வெள்ளை மேசைவிரிப்பு, தண்ணீர் டம்ளர்கள், தட்டை இறக்கிவைக்கும் பாட்டி, வலது கீழ் மூலையிலிருந்து நம்மையே பார்க்கும் ஒரு முகம். ஆனால் போரின் சுவடே இல்லை. ரேஷனில் காலம் தள்ளிய ஐரோப்பியர்களுக்கு அது உறுத்தியதில் நியாயம் இருக்கிறது. ரயில் நிலையத்தைக் காட்டும் 1944 டிசம்பர் 23 அட்டைப்படம் வேறு ரகம். கிறிஸ்துமஸ் அலங்காரம், நெரிசல், சீருடைக்காரர்கள், கட்டிக்கொண்டு நிற்கும் ஜோடிகள். போர் முடியவில்லை, ஆனாலும் யாரோ வந்து சேர்ந்துவிட்டார்கள். பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருந்த அம்மாவுக்கு அதுதான் வேண்டும். போர்ச் செலவுக்காக அரசு மக்களிடம் கடன் திரட்டிய போர்ப் பத்திரங்களை விற்க விருந்துப் படம் நன்றாகவே உதவியது, சரி, அது வேறு கணக்கு.