இன்வர்ட்டர் ஏசியில் "போர்டு போச்சு" என்றால் உடனே பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்

போர்டு என்பது ஏசியை இயக்குகிற எலக்ட்ரானிக் சர்க்யூட் பலகை. சென்னை திருவான்மியூரில் ஒரு பெரியவர் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். 1.5 டன் இன்வர்ட்டர் ஸ்பிலிட் ஏசி. இண்டோரில் காற்று வருகிறது, கூலிங் இல்லை, டிஸ்பிளேயில் கம்யூனிகேஷன் எரர், அதாவது இண்டோர் போர்டும் அவுட்டோர் போர்டும் பேசிக்கொள்ளவில்லை. கம்பெனி பெயரைப் போட்டு இணையத்தில் தேடி, மேலே வந்த நம்பருக்குப் போன் செய்திருக்கிறார். கம்பெனி ஆள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் மீட்டரைக்கூட வெளியே எடுக்கவில்லை. அவுட்டோர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "போர்டு போச்சு சார், புதுசு 13,800, சாயங்காலமே போட்டுத் தரேன்" என்றிருக்கிறார். சொன்னபடி மாலையில் ஒரு போர்டை மாட்டினார், பழையதை எடுத்துக்கொண்டு போனார், ஏசியும் ஓடியது. மே மாத வெயில் ஏறியதும் மதிய நேரத்தில் கம்ப்ரஸர் கொஞ்சம் ஓடுவதும் நிற்பதுமாக ஆகிவிட்டது. அந்த நம்பரை இப்போது யாரும் எடுப்பதில்லை. பில் என்று பெரியவர் கையில் இருப்பது "பிசிபி 1" (அதாவது போர்டு 1) என்று எழுதிய துண்டுச் சீட்டு.

நாங்கள் போய் அவுட்டோரைத் திறந்ததும் இரண்டு விஷயம் தெரிந்தது. மாட்டியிருந்தது அதே கம்பெனியின் 1 டன் மாடலுக்கான போர்டு, அதுவும் ரிப்பேர் ஆனது. ஒரு மூலையில் மட்டும் மேல்பூச்சு சுரண்டப்பட்டு, சால்டர் பளபளப்பாக, சுற்றிலும் ஃப்ளக்ஸ் கறை. இன்னொன்று, சுவரிலிருந்து வயர் வெளியே வரும் இடத்தில் கம்யூனிகேஷன் வயரில் ஒரு முறுக்கு ஜாயின்ட். அதன்மேல் புத்தம்புது டேப். டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. முதல் நாளிலிருந்தே கோளாறு அந்த ஜாயின்டில்தான். வந்தவர் அதை இறுக்கி முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார், அதனால்தான் ஏசி ஓடியிருக்கிறது. எடுத்துக்கொண்டு போனது பெரும்பாலும் நல்ல போர்டாகத்தான் இருக்கும்.

இந்தப் பழைய போர்டு விஷயத்தைக் கவனியுங்கள். நல்ல போர்டோ, சின்னப் பழுதுள்ள போர்டோ, சந்தையில் அதற்கு விலை உண்டு. இன்றைக்கு உங்கள் வீட்டில் கழற்றியது நாளைக்கு இன்னொரு வீட்டில் "புதுசு" ஆகிவிடும். "டேமேஜ் பீஸ், உங்களுக்கு எதுக்கு சார்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய ஏசியில் இருந்த பொருள், அது உங்களுடையது.

போர்டு உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க ஒரு நல்ல மெக்கானிக்குக் கொஞ்ச நேரமும் ஒரு மீட்டரும் போதும். அவர் என்ன பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் பக்கத்தில் நின்று கேட்கலாம். நீங்களே கை வைக்காதீர்கள். எம்சிபியை அணைத்த பிறகும் அவுட்டோர் போர்டின் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி தேங்கி நிற்கும். அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, மீட்டரில் வோல்ட்டேஜ் இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தவர்களே கை வைப்பார்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து காட்டுகிற ஆளைப் போர்டு பக்கமே விடாதீர்கள். அந்தப் பொறியிலேயே நல்ல போர்டும் போகும்.

முதலில் அவுட்டோருக்குக் கரண்ட் வருகிறதா? டெர்மினலில் எல் (லைன்), என் (நியூட்ரல்) இரண்டுக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். சில மாடல்களில் இண்டோர் போர்டில் உள்ள ரிலே என்ற மின் சுவிட்ச் வழியாகத்தான் வெளியே கரண்ட் போகும். அந்த ரிலேயோ நடுவில் உள்ள வயரோ போயிருந்தால் அவுட்டோர் செத்தது மாதிரிதான் தெரியும். அடுத்தது கம்யூனிகேஷன் வயர். நியூட்ரலுக்கும் அந்த வயருக்கும் நடுவே டிசியில் வைத்துப் பார்த்தால் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு போர்டும் பேசிக்கொள்கின்றன என்பதற்கு அதுதான் அடையாளம். ஒரே எண்ணில் அசையாமல் நின்றால் பேச்சு நின்றுவிட்டது. அப்போதும் முதல் சந்தேகம் ஜாயின்ட் மீதும், எல், என் இடம் மாறியிருப்பதன் மீதும்தான் போக வேண்டும். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் முறுக்கு ஜாயின்ட் சீக்கிரமே பச்சை பூத்துவிடும். இண்டோரிலிருந்து அவுட்டோர் வரை நடுவில் வெட்டில்லாத ஒரே கேபிள் இழுப்பதுதான் சரியான வைத்தியம்.

கரண்ட் வந்தும் போர்டில் விளக்கே எரியவில்லை என்றால் பியூஸைப் பார்க்க வேண்டும். பியூஸ் பக்கத்தில் பொட்டு மாதிரி வட்டமாக வேரிஸ்டர் என்ற பாதுகாப்புப் பாகம் ஒன்று இருக்கும். தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்து வீட்டுக்குள் 300, 400 வோல்ட் பாயும்போது அது தன்னைப் பலி கொடுத்துப் பியூஸை ஊதவைத்துப் போர்டைக் காப்பாற்றும். வெடித்துக் கருகிப் பார்க்கவே பயமாக இருக்கும். ஏமாற்ற இதைவிட வசதியான காட்சி கிடையாது. ஆனால் மற்ற பாகங்கள் நன்றாக இருந்தால் பியூஸும் வேரிஸ்டரும் மாற்றினால் போதும், பொருள் செலவு ஒன்றிரண்டு நூறு ரூபாய்தான். இந்த இரண்டையும் மாற்றிவிட்டு முழுப் போர்டுக்குப் பணம் வாங்குவது சென்னையில் மழைக்காலம் தோறும் நடக்கிறது.

மற்ற பாகங்கள் நன்றாக இருக்கின்றனவா என்பதற்கு மீட்டரை டையோடு மோடில் வைத்து ஒரு சோதனை உண்டு. கம்ப்ரஸர் வயர்கள் யூ, வி, டபிள்யூ மூன்றையும் கழற்றிவிட்டு, மீட்டரின் சிவப்பு முனையைப் பெரிய கெப்பாசிட்டரின் டிசி மைனஸிலும் கறுப்பு முனையை யூ, வி, டபிள்யூ ஒவ்வொன்றிலும் வைத்தால், மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். கறுப்பை டிசி பிளஸ்ஸில் வைத்து, சிவப்பை மூன்றிலும் வைத்தாலும் அப்படியே. ஏதாவது ஒன்றில் பூஜ்யம் வந்தால், கம்ப்ரஸரை ஓட்டுகிற ஐபிஎம் என்ற பவர் மாடியூல் ஷார்ட். அப்போது "போர்டு போச்சு" என்பது உண்மை.

உண்மையாக இருந்தாலும் ஏன் போனது என்று தெரியாமல் புதியதை மாட்டக் கூடாது. பழைய போர்டைக் கொன்றது புதியதையும் கொல்லும். இதில் பலர் கோட்டை விடுகிறார்கள். கம்ப்ரஸரின் மூன்று முனைகளையும் இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவும் சமமாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு ஓம் அளவில் மிகக் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் சமமாக இருக்கும். பாடியோடு தொடர்பு இருக்கவே கூடாது, மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. அவுட்டோர் ஃபேன் ஐந்து வயர் உள்ள பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டார் என்றால், உள்ளே தண்ணீர் இறங்கி ஷார்ட் ஆகி, போர்டின் 15 வோல்ட் சப்ளையைக் கீழே இழுத்துவிடும். ஃபேன் பிளக்கைக் கழற்றியதும் போர்டு உயிர் பெற்றால் குற்றவாளி மோட்டார். அந்தப் பிளக்கைக் கரண்ட் இருக்கும்போது பிடுங்கவோ சொருகவோ கூடாது, அந்த நொடியிலேயே மோட்டார் போய்விடும்.

சென்சர் எரரைக் காட்டிப் போர்டு விற்பதும் நடக்கிறது. இண்டோரில் ரூம் சென்சரும் காயில் சென்சரும் பெரும்பாலும் 25 டிகிரியில் 5 அல்லது 10 கிலோ ஓம் காட்டும், கையில் பிடித்துச் சூடாக்கினால் ஓம் இறங்கும். இறங்கவில்லை என்றால் சென்சரை மாற்றினால் போதும். கேஸ் குறைந்தாலும் ஏசி புரொடெக்‌ஷனில் நிற்கும், அதற்கும் போர்டுக்கும் சம்பந்தமில்லை.

இனி, போர்டு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எதை வாங்குவது? "1.5 டன், இந்தக் கம்பெனி" என்று மட்டும் சொல்லிப் போர்டு வாங்குவதுதான் பாதிக் கோளாறுக்குக் காரணம். அவுட்டோர் பெயர்த் தகட்டில் உள்ள முழு மாடல் நம்பர், கடைசி எழுத்து வரைக்கும் வேண்டும். ஒரே பெயரில் அடுத்த வருடம் வந்த மாடலில் கம்ப்ரஸரே வேறாக இருக்கலாம். பழைய போர்டின் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் வேண்டும். கம்ப்ரஸர் மீது ஒட்டியிருக்கும் அதன் மாடல் நம்பரும் வேண்டும். காரணம், போர்டில் உள்ள சின்ன மெமரி சிப்பில்தான் அந்தக் கம்ப்ரஸரை எப்படி ஓட்டுவது, எத்தனை ஆம்பியரில் நிறுத்துவது என்ற கணக்கெல்லாம் இருக்கிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பிளக் எல்லாம் பொருந்தும், ஏசி ஓடவும் ஓடும். வெயில் ஏறி லோடு கூடியதும் தப்பான கணக்கு வெளியே வரும். திருவான்மியூர் ஏசி மதியத்தில் நின்றது இதனால்தான்.

எந்தக் கம்பெனி ஏசிக்கும் பொருந்தும் என்று யுனிவர்சல் போர்டு ஒன்றைச் சொல்வார்கள். கம்ப்ரஸர் ஒரே வேகத்தில் ஓடும் பழைய ஃபிக்ஸட் ஸ்பீட் ஏசிக்கு அது தாராளமாகப் போடலாம், ரிலே வைத்து ஆன் ஆஃப் செய்கிற வேலைதான். இன்வர்ட்டர் அவுட்டோருக்கு அதைப் போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒரிஜினல் போர்டு எங்குமே கிடைக்காத பழைய மாடலுக்குக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம்.

ரிப்பேர் போர்டு கெட்டது என்று நினைக்க வேண்டாம். பியூஸ், வேரிஸ்டர், ரிலே, 12 வோல்ட் சப்ளை ஐசி போன்றவை போனால் உங்கள் சொந்தப் போர்டையே ரிப்பேர் செய்வதுதான் புத்திசாலித்தனம். புதியதன் விலையில் ஒரு பகுதிதான் ஆகும், மெமரி சிப்பும் உங்களுடையதாகவே இருக்கும். ஐபிஎம் வெடித்துக் காப்பர் ட்ராக் கருகிய போர்டை ரிப்பேருக்குக் கொடுத்துக் காசை வீணாக்காதீர்கள். ரிப்பேரைப் புதுசு என்று விற்பதுதான் மோசடி. புதிய போர்டின் ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றிக் கீறல் இருக்காது, ஐபிஎம் முதுகில் சூட்டைக் கடத்தத் தடவிய பழைய பேஸ்ட் கறை இருக்காது, பெரிய கெப்பாசிட்டர்கள் எல்லாம் ஒரே கம்பெனியாக இருக்கும், மேல்பூச்சு எங்கும் ஒரே சீராக இருக்கும். மாட்டுவதற்கு முன்னால் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், இருபுறமும் போட்டோ எடுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியதில் முதலாவது ஹீட் சிங்க், ஐபிஎம்மின் சூட்டை இழுக்கும் உலோகத் தட்டு. பழைய பேஸ்டை முழுக்கத் துடைத்துவிட்டு, புதியதை மெல்லிசாகத் தடவ வேண்டும். அப்பி வைத்தால் சூடு இறங்காது. ஐபிஎம் ஸ்க்ரூ இரண்டையும் முதலில் லேசாகப் பிடித்து, பிறகு மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்க முறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும், அந்த இடைவெளியில் சூடு தேங்கி மாடியூல் வெடிக்கும். பேஸ்டே தடவாமல் மாட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். யூ, வி, டபிள்யூ வயர்களைக் கழற்றும் முன் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு இடம் மாறினால் கம்ப்ரஸர் தலைகீழாகச் சுற்றும், கரகர சத்தம் வரும், கூலிங் வராது, விட்டுவைத்தால் கம்ப்ரஸரே போகும். எர்த் ஸ்க்ரூ திரும்பப் போடப்பட்டதா என்றும் பாருங்கள்.

முதன்முதலில் கரண்ட் கொடுக்கும்போது லைனில் ஒரு 100 அல்லது 200 வாட் குண்டு பல்பை சீரிஸாகப் போட்டுக் கொடுப்பது நல்ல பழக்கம். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிவிட்டது, ஷார்ட் இல்லை. பளிச்சென்றே நின்றால் உடனே அணைக்க வேண்டும். பல்பு இல்லாமல் கொடுத்திருந்தால் அந்தப் போர்டு அப்போதே புகைந்திருக்கும். பல்போடு கம்ப்ரஸரை ஓட்ட முடியாது, சோதனை முடிந்ததும் எடுத்துவிட்டு நேராகக் கொடுக்க வேண்டும். பிறகு வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் போட்டு, ஆம்பியர் மெதுவாக ஏறிப் பெயர்த் தகட்டில் உள்ள அளவுக்குள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மணி நேரமாவது, முடிந்தால் மதிய வெயிலில், ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

மூடி போடுவதிலும் அலட்சியம் கூடாது. வயர் நுழையும் துளையைப் புட்டி வைத்து அடைக்காமல் விட்டால் சூட்டுக்காகப் பல்லி உள்ளே போகும். போர்டின் மேல் பல்லி செத்துக் கருகிக் கிடப்பதை ஏசி வேலை செய்கிற எல்லோரும் பார்த்திருக்கிறோம். போர்டுக்கு மேலே இருந்த இன்சுலேஷன் ஷீட்டும் தகரத் தடுப்பும் திரும்பப் போகட்டும், தரையில் மீதி கிடக்கக் கூடாது.

ஆளைக் கூப்பிடும் முன்பே வாரண்டி கார்டை எடுத்துப் பாருங்கள். பல கம்பெனிகள் இன்வர்ட்டர் ஏசியின் போர்டுக்கு ஐந்து வருடம் வரை தனியாக வாரண்டி கொடுக்கின்றன, முதல் வருடத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் காசு கொடுப்பவர்கள் ஏராளம். சர்வீஸ் நம்பரை கார்டிலிருந்தோ ஏசியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலிருந்தோ கம்பெனி ஆப்பிலிருந்தோ மட்டும் எடுங்கள். இணையத் தேடலில் மேலே வருவது கம்பெனி நம்பர் என்று நம்பாதீர்கள். போனில் ஏதாவது ஆப் இறக்கச் சொன்னாலோ, லிங்க் அனுப்பிப் பத்து ரூபாய் கட்டச் சொன்னாலோ, அது வங்கிக் கணக்கைக் குறிவைக்கிற கும்பல். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

பில்லில் போர்டின் பார்ட் நம்பர், புதியதா ரிப்பேர் செய்ததா என்ற விவரம், எத்தனை மாத வாரண்டி, கடையின் பெயர், ஜிஎஸ்டி எண் எல்லாம் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் போர்டைத் திருப்பிக் கழற்றச் சொல்லுங்கள். பணம் யுபிஐயில் கொடுங்கள், யாருக்குப் போனது என்பதற்கு ஆதாரம் இருக்கும். ஏமாந்த பிறகு முதல் படி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். மனுவோடு வைக்க அந்தத் துண்டுச் சீட்டு, யுபிஐ ரசீது, மாட்டியிருக்கும் போர்டின் ஸ்டிக்கர் போட்டோ, அவுட்டோர் பெயர்த் தகட்டின் போட்டோ இந்த நான்கும் வேண்டும். தப்பான போர்டு என்பதைக் காட்டக் கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். அதனால் வேறு மெக்கானிக் வந்து போர்டைக் கழற்றும் முன்பே அந்தப் படங்களை எடுத்துவிடுங்கள்.