பெரியம்மைக்கு நம்பலாம், செங்காய்ச்சலுக்கு யோசிக்க வேண்டும்: விக்டோரியா காலத் தொற்று மருத்துவமனைச் சேவை, ஒரு மதிப்புரை

விக்டோரியா கால இங்கிலாந்தில் உள்ளாட்சிகள் நடத்திய தொற்று மருத்துவமனைகளைச் சிகிச்சையை வைத்து எடைபோட முடியாது. 1894 வரை அங்கே கொடுப்பதற்குப் பெரிதாக மருந்தே கிடையாது. அவை செய்துகொடுத்த வேலை ஒன்றுதான்: நோயாளியை வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் சீக்கிரமாகப் பிரித்தெடுப்பது. அதைச் சரியாகச் செய்த ஊர்களில் இது அருமையான சேவை. செய்யாத ஊர்களில் மருத்துவமனையே நோய் பரப்பும் இடமாக மாறியது.

1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இத்தகைய மருத்துவமனை கட்ட அனுமதி கொடுத்ததே தவிரக் கட்டாயப்படுத்தவில்லை. தரம் ஊருக்கு ஊர் மாறியதற்கு இதுவே முதல் காரணம். வரிப்பணம் செலவாகுமே என்று தள்ளிப்போட்ட ஊர்கள், கொள்ளைநோய் வந்த பிறகு நெளித்தகடு கொட்டகை போட ஓடின. கொட்டகை எழும்புவதற்குள் முதல் நோயாளியிடமிருந்து பத்து வீட்டுக்குப் பரவியிருக்கும். நாலு அறை உள்ள ஒரு குடிலையும், அதைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஒரு தம்பதியையும் முன்கூட்டியே தயாராக வைத்திருந்த கிராமம், அவசரத்தில் கட்டிய பெரிய கொட்டகையை விட அதிகம் சாதிக்கும்.

சேவை தொடங்கும் இடம் மருத்துவமனை வாசல் அல்ல, இன்னாருக்குத் தொற்றுநோய் என்று உள்ளாட்சிக்கு மருத்துவர் எழுதும் அறிவிப்புச் சீட்டு. 1889ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் மருத்துவருக்குச் சீட்டு ஒன்றுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் கட்டணம். லண்டனில் இது உடனே கட்டாயம். மற்ற ஊர்கள் விரும்பினால் ஏற்கலாம் என்றிருந்தது, 1899இல்தான் நாடு முழுவதும் கட்டாயமானது. இந்தப் பத்தாண்டுத் தாமதம் பெரிய ஓட்டை. படுக்கை காலியாக இருந்து என்ன பயன், யாருக்கு நோய் என்றே தெரியாவிட்டால்?

சீட்டு வந்ததும் குதிரை ஆம்புலன்ஸ் வரும். நோயாளி கிளம்பிய பின் அறையின் கதவு, ஜன்னல், புகைபோக்கி இடுக்குகளில் காகிதம் ஒட்டி, ஆயிரம் கன அடிக்கு ஒன்று முதல் மூன்று பவுண்டு கந்தகம் எரிப்பார்கள். உண்மையில் இது பலவீனமான முறை. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, ஜன்னலைத் திறந்து வைத்ததுதான் அதிகம் பயன்பட்டிருக்கும். மெத்தை, கம்பளிக்கு வந்த நீராவி அறை மட்டும் முழு மதிப்பெண்ணுக்கு உரியது. முன்பிருந்த உலர்சூட்டு அடுப்பில் கம்பளியின் வெளிப்புறம் கருகும், மெத்தையின் நடுப்பகுதிக்குச் சூடே எட்டாது. அழுத்த நீராவி உள்ளே வரை ஊடுருவும். ஆனால் இரத்தமோ மலமோ பட்ட துணியை முதலில் குளிர்ந்த நீரில் ஊறவைக்காமல் நீராவியில் போட்டால் கறை நிரந்தரமாகிவிடும். தோல் செருப்பைப் போட்டால் சுருங்கிப் பாழாகும். இதைக் கவனிக்காத ஊழியரால் ஏழை வீட்டின் ஒரே போர்வை கெட்டுப்போகும். அடுத்த முறை அந்த வீட்டார் நோயை மறைப்பார்கள்.

கட்டட விதிகளில் குறை சொல்ல அதிகமில்லை. உள்ளாட்சிகளை மேற்பார்வையிட்ட அரசுத் துறையான மத்திய உள்ளாட்சி வாரியம் ஒரு படுக்கைக்குச் சுவரோரம் 12 அடி, தரை 144 சதுர அடி, காற்றுவெளி 2000 கன அடி கேட்டது. வார்டுக்கும் எல்லை வேலிக்கும் இடையே 40 அடி. வீடு திரும்புபவர் உடை களையும் அறை, குளியல் அறை, சுத்த உடை அணியும் அறை என்று ஒரே திசையில் கடந்து வெளியேற வேண்டும். மாற்று உடை வீட்டிலிருந்து வராவிட்டால் இந்த ஏற்பாடு முழுவதும் வீண்.

சொதப்பியது நோய்களைக் கலந்ததில். பெரியம்மை வார்டையும், தொண்டைப்புண்ணும் சிவந்த தடிப்பும் வரும் செங்காய்ச்சல் (ஸ்கார்லெட் காய்ச்சல்) வார்டையும் ஒரே வளாகத்தில் வைத்த ஊர்களில், ஒரு நோயோடு வந்த குழந்தை இன்னொன்றையும் வாங்கிக்கொண்டது. லண்டனில் ஃபுல்ஹாம் பெரியம்மை மருத்துவமனையைச் சுற்றியுள்ள வீடுகளில் நோய் கூடுதலாக இருப்பதை மருத்துவ ஆய்வாளர் பவர் வரைபடமிட்டுக் காட்டினார். லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் வாசிகள் தங்கள் பகுதியில் இருந்த பெரியம்மை மருத்துவமனைக்கு எதிராக வழக்குப் போட்டு, 1881இல் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை வரை போய் வென்றார்கள். அதன் பின் பெரியம்மை நோயாளிகளைத் தேம்ஸ் நதியில் நீராவிப் படகில் இறக்கி, டார்ட்ஃபோர்டு அருகே லாங் ரீச்சில் நங்கூரமிட்ட அட்லஸ், என்டிமியன், காஸ்டாலியா என்ற மூன்று கப்பல்களுக்கு அனுப்பினார்கள். 1884இல் தொடங்கிய இந்த ஏற்பாடு தொலைவு என்ற ஒன்றை வைத்தே பலன் தந்தது. பெரியம்மைத் தடுப்பூசியை மறுமுறையும் போட்டுக்கொண்ட செவிலியருக்கு நோய் ஒட்டுவது மிக அரிது.

தொடர்பில் இருந்தவர்களையும் சேர்த்துக் கவனித்ததில் லெஸ்டர் முன்னோடி. நோயாளியை உடனே அகற்றி, வீட்டிலிருந்த மற்றவர்களைச் சுமார் இரண்டு வாரம் கண்காணித்து, இழந்த கூலிக்கு ஈடும் கொடுத்தார்கள். கூலி கொடுக்காமல் தனிமைப்படுத்தினால் யாரும் அடங்கமாட்டார்கள் என்று புரிந்துகொண்ட நகரம். எதிர்முனையில் குளோஸ்டர்: தடுப்பூசியும் குறைவு, மருத்துவமனையும் போதாது. 1895–96 கொள்ளைநோயில் 1979 பேருக்குப் பெரியம்மை, 434 பேர் சாவு. ஒரே கட்டிலில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் படுக்க வைக்கும் நிலை வந்தது.

செங்காய்ச்சலுக்குத்தான் பணம் வீணானது என்று சொல்வேன். உரியும் தோலில்தான் தொற்று இருக்கிறது என்று நம்பி, குழந்தைகளை ஆறு வாரமும் அதற்கு மேலும் வைத்திருந்தார்கள். தொற்றோ தொண்டையிலும், ஒழுகும் மூக்கிலும், சீழ் வடியும் காதிலும் இருந்தது. தோல் உரிந்து முடிந்தது என்று அனுப்பிய குழந்தை, வீட்டில் தம்பி தங்கைக்கு நோயைக் கொடுத்தது. லேசாக வந்து யாரும் கவனிக்காத நோயாளிகள் வெளியே பள்ளிக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். தாயைப் பார்க்க முடியாமல் ஆறு வாரம் படுத்துக் கிடந்த குழந்தைகளுக்கு இது கொடுமையான விலை.

டிப்தீரியாவுக்கு மட்டும் இதே கட்டடங்கள் 1894க்குப் பிறகு நிஜமான மருத்துவமனைகளாயின. எதிர்நச்சு ஊசி வந்ததும் லண்டனின் தொற்று மருத்துவமனைகளை நடத்திய வாரியத்தின் மருத்துவமனைகளில் நூற்றுக்குச் சுமார் 30 ஆக இருந்த சாவு, அடுத்த ஆண்டே சுமார் 22க்கு இறங்கியது. நோய் தொடங்கிய முதல் ஓரிரு நாளில் ஊசி போட்டவர்களுக்குப் பலன் மிக அதிகம். அப்போதுதான் அறிவிப்புச் சீட்டின் வேகமும் ஆம்புலன்ஸின் வேகமும் நேரடியாக ஒரு குழந்தையின் உயிரைத் தீர்மானித்தன.