மூடி வைத்தாலும் தூங்காத மடிக்கணினி

என் மடிக்கணினிக்கு அண்மையில் புதிய பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது. அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றி, மூடியை நெம்பி எடுத்து, பழைய பேட்டரியின் இணைப்பைப் பிரித்துப் புதியதைச் செருகி மூடுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பழுதுபார்ப்புக் கையேட்டைத் தயாரிப்பு நிறுவனமே இலவசமாகக் கொடுத்திருக்கிறது. எந்தத் திருகு எந்தத் துளைக்கு உரியது என்பதுகூட அதில் படத்தோடு இருக்கிறது. வாங்கியவரை இந்த அளவுக்கு மதிக்கும் ஒரு பொருளைப் பற்றி நல்லதை மட்டுமே எழுத வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் பழைய பேட்டரி ஏன் இவ்வளவு விரைவில் தேய்ந்தது என்று நினைத்துப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. மூடிப் பையில் வைத்திருந்த நேரத்தில் வீணாய்ப் போன மின்சாரத்துக்கும், அப்போது உள்ளே ஏறிய சூட்டுக்கும் அந்தத் தேய்மானத்தில் பெரும் பங்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை.

இது 14 அங்குலத் திரையும், இன்டெல் 11ஆம் தலைமுறைச் செயலியும், 16 ஜிபி நினைவகமும் கொண்ட, அலுவலகங்களுக்கென்று விற்கப்படும் வகை மடிக்கணினி. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை வேறு பல நிறுவனங்களின் கணினிகளிலும் உண்டு என்பதால், ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

குறைக்கு முன்னால் நிறையைச் சொல்லிவிடுகிறேன். விசைப்பலகை அருமையானது, நாள் முழுவதும் தட்டச்சு செய்தாலும் விரல் சோர்வதில்லை. முதலில் லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனின் 12ஆம் பதிப்பை நிறுவினேன். 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வெளிவந்ததும் அதற்கு மாறினேன். இரண்டிலும் வைஃபை, ஒலி, கேமரா என எதற்கும் தனியாக டிரைவர் தேட வேண்டியிருக்கவில்லை. டெபியனில் இது சிறிய செய்தியன்று. முன்பெல்லாம் கட்டற்றதல்லாத, அதாவது யாரும் திறந்து பார்த்துத் திருத்த முடியாத, ஃபர்ம்வேர் கோப்புகளை (வன்பொருளை இயக்கும் உள்நிரல்களை) டெபியன் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காது. வைஃபை வேலை செய்ய வேண்டுமானால் இன்னொரு கணினியில் பதிவிறக்கி பென்டிரைவில் கொண்டுவர வேண்டும். 2022இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தி அந்த விதியைத் தளர்த்தினார்கள். அதற்குப் பிறகு வந்த முதல் வெளியீடு 12. கொள்கையில் சமரசம் என்று அப்போது வருந்தியவர்கள் உண்டு. புதிதாக வருபவர் முதல் திரையிலேயே திரும்பிப் போகாமல் இருப்பதற்காக, அந்தச் சமரசத்தை நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன்.

இனி என் குறைக்கு வருகிறேன். இந்தக் கணினிக்குத் தூங்கத் தெரியாது.

கணினியின் தூக்க நிலைகளை வரையறுத்த ஏசிபிஐ என்னும் தரநிலையை 1996இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்றும் சேர்ந்து வெளியிட்டன. அதில் எஸ்3 என்ற நிலையில் செயலி உட்பட ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மின்சாரம் நின்றுவிடும். திறந்திருக்கும் வேலைகள் அழியாமலிருக்க நினைவகத்துக்கு மட்டும் சொட்டு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். மூடியைச் சாத்தினால் தூங்கும், திறந்தால் ஓரிரு விநாடிகளில் விட்ட இடத்திலிருந்து தொடரும். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, கைபேசியைப் போலக் கணினியும் திரை அணைந்த நிலையில் மின்னஞ்சல் வாங்கிக்கொள்ள வேண்டும், தொட்டவுடன் விழிக்க வேண்டும் என்ற எண்ணம் முன்னுக்கு வந்தது. விண்டோஸ் 10இல் அதற்கு மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று பெயர். இதில் கணினி உண்மையில் அணைவதே இல்லை. விழித்திருக்கும் எஸ்0 நிலையிலேயே இருந்துகொண்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகமும் தன் பங்குக்குத் தன்னை ஒடுக்கிக்கொள்ள வேண்டும். எல்லாப் பாகங்களும் ஒடுங்கினால்தான் செயலி ஆழ்ந்த நிலைக்கு இறங்கும். சேமிப்பகமான எஸ்எஸ்டியோ, கார்டு ரீடரோ, ஒலிச் சில்லோ, ஒன்றே ஒன்று அடம்பிடித்தாலும் மொத்தக் கணினியும் அரை விழிப்பில் கிடக்கும். திரை கறுத்திருப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

இந்த எண்ணத்தில் தவறில்லை. சரியாகச் செய்யப்பட்ட கணினிகளில் அது நன்றாகவே வேலை செய்கிறது. தவறு எங்கே என்றால், புதியதைக் கொடுத்த கையோடு பழைய எஸ்3ஐப் பிடுங்கிக்கொண்டதில். டெபியன் தொடங்கும்போது கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) எழுதும் பதிவில், இந்தக் கணினி எந்தெந்த நிலைகளை ஆதரிக்கிறது என்று ஒரு வரி வரும். பழைய கணினிகளில் அந்த வரியில் எஸ்0, எஸ்3, எஸ்4, எஸ்5 என்று வரிசையாக இருக்கும் (எஸ்4 என்பது நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு அணையும் நிலை, எஸ்5 என்பது முழுமையாக அணைந்த நிலை). என் கணினியில் எஸ்0, எஸ்4, எஸ்5 மட்டும் இருக்கின்றன. செயலியோ நினைவகமோ இதற்குத் தடையில்லை. ஃபர்ம்வேரை எழுதியவர்கள் அந்த நிலையைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

விளைவு என்னவென்றால், இரவு 11 மணிக்கு முழுச் சார்ஜோடு மூடி வைத்தால் காலையில் 70 விழுக்காடு இருக்கும். பையில் போட்டுக்கொண்டு வெளியூர் போனால், போய்ச் சேரும்போது பை சுடும். விண்டோஸ் வைத்திருப்பவர்களிடமும் இதே புகாரைக் கேட்டிருக்கிறேன், ஆகவே இதை லினக்ஸின் தலையில் கட்டிவிட முடியாது.

காரணத்தைத் தேடியபோது நடந்தவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். செயலி ஆழ்ந்த நிலையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதை மைக்ரோ விநாடிகளில் எண்ணி வைக்கும் ஒரு கணக்கு, கெர்னலின் பிழைதிருத்தக் கோப்புகளுக்குள் இருக்கிறது. தூங்க வைப்பதற்கு முன் அதைப் படித்தேன்: 0. எட்டு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்து மீண்டும் படித்தேன்: 0. அதாவது, இரவு முழுவதும் ஒரு மைக்ரோ விநாடிகூட அது தூங்கவில்லை. அடம்பிடித்த பாகம் எது என்று ஒவ்வொன்றாகத் தேடியதில், எஸ்எஸ்டிக்கும் செயலிக்கும் இடையிலுள்ள பிசிஐஇ இணைப்பு மின்சேமிப்பு நிலைக்குப் போகவில்லை என்று தெரிந்தது. டெபியன் 12 உடன் வந்த 6.1 கெர்னலில் அதற்கு வழியில்லை. புதிய பதிப்பு மென்பொருள்களை டெபியனின் நிலையான வெளியீட்டுக்குத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலை நிறுவியதும் இணைப்பு ஒடுங்கத் தொடங்கியது. மறுநாள் காலையில் அந்தக் கணக்கில் ஒரு நீண்ட எண் இருந்தது. பேட்டரி 100லிருந்து 93க்கு மட்டுமே இறங்கியிருந்தது. கெர்னலில் இப்படி ஒரு மாற்றம் சேரும்போது, அதை எழுதியவர் யார், ஏன் எழுதினார், யார் சரிபார்த்தார், எந்த வரியை மாற்றினார் என்பதெல்லாம் பொதுவெளியில் இருக்கும். நான் கெர்னல் நிரலாளன் அல்லன். இருந்தாலும் என்னால் அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது. கட்டற்ற மென்பொருளின் மேல் எனக்குள்ள மதிப்பு முழுவதும் இந்த ஒன்றிலிருந்து வருகிறது.

சில மாதங்கள் நிம்மதியாகப் போயின. பிறகு ஒரு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வந்தது. லினக்ஸ் பயனர்களுக்கு, தயாரிப்பாளர்களின் ஃபர்ம்வேர் புதுப்பிப்புகளை வழங்கும் லினக்ஸ் வெண்டார் ஃபர்ம்வேர் சர்வீஸ் வழியாக முறையாகவே அனுப்பியிருந்தார்கள். பாதுகாப்புக் குறைகள் சரிசெய்யப்பட்டன, நிலைத்தன்மை மேம்பட்டது என்பதற்கு மேல் குறிப்பில் எதுவும் இல்லை. நிறுவிய நாளிலிருந்து கணினி தூங்குகிறது, ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானே விழித்துக்கொள்கிறது. விசைப்பலகை, பேட்டரி, விசிறி ஆகியவற்றைக் கவனிக்கும் உட்பொதி கட்டுப்படுத்தியிலிருந்து ஏதோ ஒரு சமிக்ஞை வருவதாகக் கெர்னல் பதிவு சொல்கிறது. அந்தச் சமிக்ஞை ஏன் வருகிறது என்று சொல்லக்கூடிய நிரல் மூடப்பட்ட ஃபர்ம்வேருக்குள் இருக்கிறது. பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால், பாதுகாப்புக் காரணத்தால் பின்னோக்கிப் போக முடியாது என்று பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் ஃபர்ம்வேர்) மறுத்துவிட்டது. சேவைப் பிரிவுக்கு எழுதினேன். விண்டோஸில் இந்தச் சிக்கல் வருகிறதா என்று கேட்டார்கள், அதோடு நின்றது.

எஸ்3ஐ நானே கொண்டுவர முடியுமா என்றும் பார்த்தேன். ஃபர்ம்வேர் இயங்குதளத்துக்குத் தரும் ஏசிபிஐ அட்டவணைகளைக் கணினியிலிருந்து எடுத்து, மனிதர் படிக்கும் வடிவுக்கு மாற்றித் தருவதற்குத் திறமூலக் கருவிகள் இருக்கின்றன. எடுத்துப் பார்த்தால், எஸ்4க்கும் எஸ்5க்கும் உரிய வரிகள் இருக்கின்றன; எஸ்3க்கு உரிய வரி மட்டும் இல்லை. அந்த வரியை எழுதிச் சேர்த்துக் கெர்னலுக்குக் கொடுத்தால் சில மாதிரிகளில் எஸ்3 உயிர்பெற்றுவிடும். என் கணினி தூங்கியது. அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. மின்விசையை நீண்ட நேரம் அழுத்தி அணைத்துத்தான் மீட்டேன். எழுப்பிவிட வேண்டிய ஃபர்ம்வேர் நிரலே உள்ளே இல்லை என்றால், அட்டவணையில் ஒரு வரியைச் சேர்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

இதே கணினியில் நான் தமிழ்99 விசைப்பலகை முறையில், ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தட்டச்சு செய்கிறேன். எந்த விசைக்கு எந்த எழுத்து என்னும் பட்டியல், எம்17என் என்னும் பன்மொழி உள்ளீட்டுத் தொகுப்பில் ஒரு சாதாரண உரைக் கோப்பாக இருக்கிறது. அதில் ஒரு குறியீட்டின் இடம் எனக்கு வசதியாக இல்லை. கோப்பின் நகலைத் திறந்து, ஒரு வரியை மாற்றி, ஐபஸை மறுபடி தொடங்கினேன், வேலை முடிந்தது. நான் எந்த எழுத்தை எந்த விரலால் அடிக்க வேண்டும் என்பதை நானே முடிவுசெய்துகொள்ள விடும் கணினி, மூடினால் தூங்க வேண்டும் என்ற எளிய விருப்பத்தை மட்டும் ஏற்க மறுக்கிறது. மேலே இருக்கும் மென்பொருள் முழுவதும் கட்டற்றதாக இருந்தும் கீழே ஓர் அடுக்கு பூட்டியிருந்தால், கணினி கடைசியில் அந்த அடுக்கின் பேச்சைத்தான் கேட்கும். கோட்பாடாக இதைப் பலமுறை படித்திருக்கிறேன். சுடும் பையைத் தொட்டபோதுதான் அது உறைத்தது.

இப்போதைய ஏற்பாடு இதுதான்: மூடினால் அரை மணி நேரம் லேசான தூக்கம், அதற்கு மேல் ஹைபர்னேட். நினைவகத்தில் இருப்பதை எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு முழுமையாக அணைந்துவிடும். ஏறக்குறைய மின்சாரமே செலவாகாது. இதை, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் அமைப்புக் கோப்பில் இரண்டு மூன்று வரிகளில் செய்துவிடலாம். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. 2019இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து கெர்னலில் லாக்டவுன் என்ற காப்பு இருக்கிறது. டெபியனில் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்க விடும் ஏற்பாடு) இயங்கும்போது லாக்டவுனும் இயங்கி, ஹைபர்னேட்டைத் தடுத்துவிடும். அட்டவணையைத் திருத்திக் கொடுப்பதையும் அதே காப்பு தடுக்கும். ஆகவே பேட்டரியைக் காப்பாற்ற செக்யூர் பூட்டை அணைத்து வைத்திருக்கிறேன். வட்டு முழுவதும், ஹைபர்னேட் எழுதும் ஸ்வாப் பகுதி உட்பட, குறியாக்கம் செய்யப்பட்டிருப்பது கொஞ்சம் ஆறுதல். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். எஸ்3 ஓரிரு விநாடிகளில் செய்த வேலை இது.

வேறு வழி இல்லாமல் இப்படி ஆகிவிட்டது என்று நிறுவனங்கள் சொல்ல முடியாது. 2018இல் லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை எஸ்3 இல்லாமல் வந்தபோது, லினக்ஸ் பயனர்கள் கேட்டதற்கு இணங்கி, தூக்க முறையை விண்டோஸ் என்றோ லினக்ஸ் என்றோ தேர்ந்தெடுக்கும் வசதியைப் பயாஸ் புதுப்பிப்பிலேயே கொடுத்தார்கள். 1999இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் தொடங்கிய கோர்பூட் என்னும் திறமூல ஃபர்ம்வேர், இன்று குரோம்புக்குகளிலும் லினக்ஸ் கணினிகள் விற்கும் சிஸ்டம்76 நிறுவனத்தின் பல மடிக்கணினிகளிலும் ஓடுகிறது. அதிலும் செயலித் தயாரிப்பாளரின் மூடிய துண்டுகள் இருக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் உட்பொதி கட்டுப்படுத்தியின் நிரலைக்கூட சிஸ்டம்76 வெளியிட்டிருக்கிறது. அங்கே என் சிக்கல் வந்திருந்தால், ஏன் விழிக்கிறது என்று படித்துப் பார்க்க ஒரு கோப்பாவது இருந்திருக்கும்.

வழக்கமான விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்த பிறகு, லினக்ஸ் போட ஏற்ற பழைய மடிக்கணினி எது என்று பலரும் கேட்கிறார்கள். புதுப்பித்து விற்பவர்களிடம் என் மாதிரியின் விலையும் நன்றாக இறங்கியிருக்கிறது. விசைப்பலகை, திரை, கழற்றி மாட்டும் எளிமை, டெபியனோடு ஒத்துப்போகும் தன்மை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டால் இது மிக நல்ல கணினி. ஆனாலும் வாங்க வேண்டாம் என்றே சொல்கிறேன். மேசையிலேயே வைத்து, எப்போதும் மின்னிணைப்போடு பயன்படுத்துபவருக்குக்கூட இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் நிறுவாமலே இயங்கும் டெபியன் லைவ் பதிப்பை ஒரு பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். கடையிலேயே அதிலிருந்து கணினியைத் தொடங்கி, டெர்மினலைத் திறந்து, கெர்னல் பதிவில் ஏசிபிஐ ஆதரிக்கும் நிலைகளைக் காட்டும் வரியைத் தேடுங்கள். எஸ்3 இருந்தால் மூடியைச் சாத்தி, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து, ஒழுங்காக எழுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், தூக்க முறையை மாற்றும் வசதி பயாஸில் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிவிட்டு, அதுவும் இல்லாத பட்சத்தில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த கணினியைக் காட்டச் சொல்லுங்கள்.